எந்தக் கத்தி?

கயானி மாவட்ட நீதிமன்றம், இரண்டாம் அறை.
வெளியே மைனஸ் இருபத்தொன்று.
பேசுவதைத் தட்டச்சு செய்பவள் நான்.
திருத்தும் உரிமை எனக்குக் கிடையாது,
எழுத்துப்பிழை தவிர.

சாட்சி ஹில்க்கா கார்ப்பினென்
கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் சொன்னாள்:
"அவன் கையில் கத்தி இருந்தது."
எந்தக் கத்தி? என்றார் நீதிபதி.

பின்லாந்தில் இது சாதாரணக் கேள்வி.
வெய்த்ஸி என்றால் மேசையில் கிடப்பது,
உருளைக்கிழங்கு உரிப்பது,
கழுவிக் கவிழ்த்தால் மறந்துவிடலாம்.
பூக்கோ என்றால் இடுப்பில் தொங்குவது.
தோல் உறைக்குள் தூங்கும்.
மீன் வயிற்றைத் திறக்கும், சுள்ளி சீவும்.
ஐம்பது வயதானவனுக்குப்
பெயர் பொறித்துக் கொடுப்போம்.

ஆனால் மனிதனை மனிதன் குத்தினால்
வினைச்சொல் ஒன்றுதான்.
காய்கறிக் கத்தியால் குத்தினாலும்
அவன் பூக்கோவைப் பாய்ச்சியதாகவே
எங்கள் மொழி சொல்லும்.
குற்றப்பத்திரிகையின் முதல் வரியில்
அந்த வினை வந்து உட்கார்ந்துவிட்டது.
ஆயுதம் வரட்டும் என்று
காத்திருந்தது.

"ரொட்டிக் கத்தி," என்றாள் ஹில்க்கா.
"பல் வைத்தது. பூக்கோ ஆணியில் தொங்கியது,
நானே பார்த்தேன்."
அரசு வழக்கறிஞர் பேனாவை மூடினார்.
பிறகு திறந்தார்.
சான்றுப்பொருள் மூன்று, நெகிழிப் பையில்:
பல்லிடுக்கில் இன்னும் கம்பு ரொட்டித் துகள்.

யாரும் கத்தவில்லையாம்.
ஏரிக்கரைப் படகுக் கொட்டகையை
விற்கலாம் என்று காலெர்வோ சொன்னதும்
பேச்சு கத்தியால் அறுத்ததுபோல் நின்றதாம்.
அதையும் தட்டினேன்.
அந்தக் கத்திக்குக் கைரேகை எடுக்க ஆளில்லை.

அண்ணன் ரௌனோ ஹெய்ஸ்கனென் எழுந்தான்.
எலும்புக் கை, முழங்கை தேய்ந்த ஜாக்கெட்.
"என்னைக் கேட்காமல் விலை பேசினான்.
என் முதுகில் பூக்கோ."
நான் விரலை நிறுத்தினேன்.
இது உவமை என்று குறிப்பு போடவா, என்று கேட்டேன்.
நீதிபதி சிரிக்கவில்லை.
யோசித்தார்.
"சொன்னபடியே எழுதுங்கள்."

தம்பியின் முறை.
முன்கையில் பதினோரு தையல்.
"ஒரே இரவில் இரண்டு தடவை
கத்தி பட்டது எனக்கு," என்றான்.
"ஒன்று அண்ணன், ஒன்று டாக்டர்.
டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்."
யாரோ இருமினார்கள்.
அது பதிவில் இல்லை.

மதிய இடைவேளை.
என் டப்பாவில் ரொட்டி, வெண்ணெய்,
சூனிப்பர் மரத்தில் செதுக்கிய தட்டைக் கத்தி.
மூக்கருகே கொண்டுபோனால் இன்றும் காடு வாசனை.
விரலைக்கூட இது கீறாது.
வெண்ணெயை நகர்த்தும், அவ்வளவுதான்.
இதையும் கத்தி என்றே கூப்பிடுகிறோம்.
கூப்பிட்டதற்கு ஒருநாளும்
திரும்பிப் பார்த்ததில்லை.

தாழ்வாரத்தில் காபி எந்திரத்தின் முன்
இருவரும் நின்றிருந்தார்கள்,
நடுவில் ஒரு காவலர்.
"ஆணியில் தொங்குகிறதே அந்தப் பூக்கோ," என்றான் ரௌனோ,
"நீ கொடுத்தபோது காசு கொடுக்கவில்லை நான்."

எங்கள் வழக்கம் அது.
கத்தியைச் சும்மா வாங்கக் கூடாது.
ஒரு செம்புக்காசாவது திருப்பிக் கொடுக்க வேண்டும்,
இல்லையென்றால் உறவை அறுக்கும்.
படித்தவர்களும் கொடுப்பார்கள்,
சிரித்துக்கொண்டே.

ரௌனோ சிரிக்கவில்லை.
உள்ளங்கையில் இருபது சென்ட் நீட்டினான்.
காலெர்வோ காவலரைப் பார்த்தான்.
காவலர் சன்னலைப் பார்த்தார்.
தையல் போட்ட கையாலேயே வாங்கி
காபி எந்திரத்தின் துளையில் போட்டான்.

எந்திரம் கொஞ்சம் முனகி
காசைக் கீழே துப்பியது.

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனோம்.
தட்டச்சுப் பலகையில் கை வைத்தபோது
வெளியே தகரத் தட்டில்
நகம் உரசும் சத்தம்.
யாரோ அதைப்
பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.